அறுப்பின் பண்டிகை ஏலப் பணம் யாருக்கு? எல்லையோரத் தமிழ்ச் சபைகளின் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை சுற்றுவட்டாரத் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும், கமிட்டிச் செயலர், பொருளாளர், அங்கத்தினர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்பே இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதுகிறோம். சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைபொருள்களைப் பண்டிகையில் ஏலம் விட்டுச் சேரும் பணம் முழுவதையும் ஏழைகள் நிதிக்கு ஒதுக்குங்கள். கோபுரத்துக்கும் டைல்ஸுக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் தனியாக நன்கொடை கேளுங்கள், கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். ஏலப் பணத்தை மட்டும் அதற்கு எடுக்காதீர்கள்.

ஏன் குறிப்பாக ஏலப் பணம் என்றால், வேதமே அந்த இடத்தில்தான் ஏழையை நிறுத்தியிருக்கிறது. லேவியராகமம் 23ஆம் அதிகாரம் முழுவதும் பண்டிகைகளின் பட்டியல். எந்த நாள், எந்தப் பலி, எத்தனை ஆட்டுக்குட்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அறுப்பின் முதற்பலன் பண்டிகையை முடித்த கையோடு 22ஆம் வசனத்தில் வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது. அடுத்த வசனத்தில் மறுபடியும் பண்டிகைச் சட்டம் தொடர்கிறது. ஏழைக்கான பங்கு பண்டிகைக்குப் பின்னால் சேர்க்கப்பட்ட தர்மம் கிடையாது. பண்டிகையின் நடுவிலேயே இருக்கிறது. பெந்தெகொஸ்தே என்ற அந்த அறுப்பின் பண்டிகையில் காணிக்கை கொடுத்து முடித்த விவசாயி, தன் வயலின் ஓரம் தன்னுடையது இல்லை என்று தெரிந்துதான் வீடு திரும்பினான்.

நம் சபைகளுக்கு இது புதிய பாடம் இல்லை. 1806இல் மிஷனெரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்து மயிலாடியில் வேலை தொடங்கியபோது இந்தப் பக்கம் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி தலைவரி கட்ட முடியாமல் தவித்தவர்களும், நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்களும்தான். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல். அந்தத் தலைமுறைப் பெண்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியும் சேர்ந்துதான் இன்று நாம் உட்கார்ந்திருக்கும் ஆலயங்கள் எழும்பின. ஏழைகளின் சபை என்று தொடங்கிய இடத்தில் ஏழைகளுக்கு என்று ஒரு நிரந்தரக் கணக்குத் தலைப்புக்கூட இல்லாமல் போனது மிகவும் வருத்தமான காரியம்.

ஏலம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆராதனை முடிந்ததும் ஏத்தன் குலை, செவ்வாழை, மரச்சீனி, தேங்காய், கோழி, முட்டை, அன்னாசி எல்லாம் முற்றத்துக்கு வரும். ஒரு முட்டை ஆயிரம் ரூபாய்க்குப் போகும். அந்த உற்சாகம் நல்லதுதான், அதை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு இடத்தில்தான் கெடுகிறது. ஒன்று, ரொக்கம் இல்லாமல் ஏலம் பிடித்துவிட்டு, பாக்கிப் பட்டியலில் பெயர் ஏறுவது. கௌரவத்துக்காகக் கையை உயர்த்திய கூலிக்காரர் மூன்று மாதம் கழித்து அந்தப் பாக்கியைக் கட்ட வட்டிக்கு வாங்குகிறார். ஏலம் முடிந்த உடனே ரொக்கமோ ஜிபேயோ என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் இது நிற்கும். ஏலத் தொகை கொஞ்சம் குறையும், குறையட்டும். இரண்டாவது, பண்டிகைக்குப் பெயர் எழுதிய காணிக்கைக் கவர் எல்லா வீட்டுக்கும் போவது. சபையே மாதாமாதம் உதவி செய்யும் விதவையின் பெயரிலும் கவர் வருகிறது. தொகை வாசிக்கப்படும் என்று தெரிந்தால், அந்த அம்மாவுக்கு மாத்திரை வாங்க வைத்திருக்கும் காசு கவருக்குள் போய்விடும். உதவிப் பட்டியலில் இருக்கும் வீடுகளுக்குப் பெயர் போட்ட கவர் அனுப்பாதீர்கள். தொகை வாசிப்பதையே நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது. வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று ஆண்டவர் சொன்னது மைக்குக்கும் சேர்த்துத்தான்.

ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பண்டிகைப் பிரசங்கத்திலும் கன்வென்ஷன் மேடையிலும் அந்தப் பகுதி வராத வருஷம் இல்லை. மாற்கு 12ஆம் அதிகாரத்தில் 41ஆம் வசனத்திலிருந்து மட்டும் வாசித்தால், அவளைப் போல எல்லாவற்றையும் போடுங்கள் என்று முடித்துவிடலாம். 40ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு அதிக ஆக்கினை வரும் என்று இயேசு சொல்லி வாய் மூடும் முன்பே அந்த விதவை உள்ளே வருகிறாள். அவள் போட்ட அந்த ஆலயத்தைப் பற்றி அடுத்த அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடிக்கு இடிந்துபோகும் என்கிறார். அவளுடைய விசுவாசம் பெரியது. அதை உதாரணம் காட்டி இன்னொரு விதவையிடம் கடைசிக் காசைக் கேட்க நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது? விதைப்புக் காணிக்கை போட்டால் கடன் தீரும், வீடு கிடைக்கும் என்று சொல்லும் கூட்டங்களுக்கு நம் சபைப் பெண்கள் பென்ஷன் பணத்தோடு போகிறார்கள். பவுல் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் 12, 13 வசனங்களில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்: ஒருவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே, மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்பதற்கு அல்ல. இதைப் பிரசங்க பீடத்திலிருந்து போதகர்கள் உரக்கச் சொல்ல வேண்டும். கமிட்டிக்காரர் சொன்னால் அந்தப் பெண்கள் நம்பமாட்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு 150 குடும்பம் உள்ள சபை, ஏலத்தில் 3,00,000 ரூபாய் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 வீடுகளுக்கு மாதம் 1,500 வீதம் வருஷத்துக்கு 1,44,000. மழைக்காலத்துக்கும் பள்ளி திறப்புக்கும் 60,000. ஆஸ்பத்திரி வழிச்செலவுக்கு 60,000. திடீர் சாவு, தீ, மரம் விழுதல் போன்றவற்றுக்கு 24,000. மீதி 12,000 கையிருப்பு. பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே அளவாகப் பிரிப்பதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. நம் பகுதியில் பசி ஒரே அளவாக வருவதில்லை. ஜூன் மாதம் மழை கனத்தால் ரப்பர் பால் வெட்டு நிற்கும். ரெயின்கார்டு (வெட்டு நனையாமல் மரத்தில் கட்டும் பிளாஸ்டிக் மறைப்பு) போடாத தோட்டத்தில் வெட்டுகிறவருக்கு அந்த நாள்களில் கூலி இல்லை. அதே மாதத்தில்தான் பள்ளி திறக்கிறது. கடற்கரைப் பக்கம் தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகில் மீன்பிடிக்கத் தடை. ரப்பர் இலை உதிர்ந்து பிப்ரவரி, மார்ச்சில் மறுபடியும் வெட்டு குறையும். ஆகவே மே கடைசி வாரமே மழைக்காலப் பங்கு கைக்குப் போய்ச் சேர வேண்டும். ஜூலையில் கொடுத்தால் அதற்குள் கம்மல் அடகுக்குப் போயிருக்கும்.

நிதியைத் தனி சேமிப்புக் கணக்கில் வையுங்கள். பொதுக்கணக்கோடு சேர்ந்திருந்தால், கான்கிரீட் போடும் மாதம் தற்காலிகமாக எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு குரல் எழும். அப்படி எடுத்தது திரும்பி வந்ததை நாங்கள் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறோம். ஏழைகள் நிதியிலிருந்து வேறு எந்த வேலைக்கும் கடனாகக்கூட எடுக்கக்கூடாது என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு மினிட்ஸில் ஏற்றுங்கள். மூன்று பேர் பெயரில் கணக்கு, எந்த இருவர் கையெழுத்திட்டாலும் பணம் எடுக்கலாம். மூவரில் ஒருவர் கமிட்டிக்கு வெளியே உள்ளவர், ஒருவர் கட்டாயம் பெண். மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது எத்தனை வீடு, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று மட்டும் போடுங்கள். பெயர்கள் மூன்று பேர் பார்க்கும் நோட்டில் இருக்கட்டும். தணிக்கை செய்கிறவர் அந்த நோட்டைப் பார்க்கலாம். பவுல் எருசலேம் ஏழைகளுக்குப் பணம் கொண்டுபோனபோது தனியே போகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரைக் கூட்டிக்கொண்டு போனார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

வீடுகளைத் தெரிந்தெடுப்பதுதான் கடினமான வேலை. எருசலேம் சபையிலேயே கிரேக்கு மொழி பேசின விதவைகள் அன்றாட உதவிப் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள். அதற்காகவே ஏழு பேரை ஏற்படுத்த வேண்டி வந்தது என்று அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மொழி எல்லையில் இருக்கிறவர்கள்தான் எப்போதும் விடுபடுகிறார்கள். நம் ஊரிலும் தமிழ்நாட்டிலிருந்து கட்டிக்கொடுத்து கேரளப் பக்கம் வந்த பெண்களின் வீடுகளை முதலில் பாருங்கள். கூரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கான்கிரீட் வீடு, முன்னால் கேட்டு, உள்ளே வீட்டுக்கடன் தவணை மூன்று மாதம் பாக்கி. வளைகுடாவிலிருந்து வேலை போய்த் திரும்பியவர் வீடு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அவர்கள் வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் இருவர் போதும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கூட்டமாகப் போகாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் கடன் கொடுத்தவன்கூட அடகு வாங்க ஏழையின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவன் அதை வெளியே கொண்டுவருவான் என்று சட்டம் இருக்கிறது. அரிசிப் பானையைத் திறந்து பார்க்க நமக்கு யாரும் அதிகாரம் தரவில்லை. வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், போன மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது, ரேஷன் அட்டை எந்த வகை, வாரத் தவணை எவ்வளவு, மருந்துச் செலவு எவ்வளவு என்று கேட்டால் போதும். பதிலை அவர்கள் கண்முன் எழுதாதீர்கள். பட்டியலை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். பிள்ளைக்கு வேலை கிடைத்த வீடு தானாகவே விலகிக்கொள்ளும். சபையில் பெயர் இல்லாத வீட்டையும் சேருங்கள். நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் எந்தச் சேகரம் என்று விசாரிக்கவில்லை.

உதவியைப் பொருளாகக் கொடுப்பதா, பணமாகவா என்று ஒவ்வொரு கமிட்டியிலும் வாதம் நடக்கும். எங்கள் உறுதியான கருத்து, பணம். அரிசி ரேஷனில் வருகிறது. வராதது பருப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர், பஸ் கட்டணம், சர்க்கரை நோய் மாத்திரை. ஐந்து கிலோ அரிசிப் பையை மேடையில் கொடுத்துக் கைதட்டும்போது வாங்குகிறவர் தலை குனிந்து நிற்கிறார், அந்தப் பையிலும் அவருக்கு வேண்டியது இல்லை. மாதம் 5ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் வீட்டில் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். வீட்டில் குடிக்கிறவர் இருந்தால் மட்டும் முறையை மாற்றுங்கள்: பெண்ணின் தனிக் கணக்குக்கு அனுப்பலாம், அல்லது மருந்துக் கடையிலும் பலசரக்குக் கடையிலும் சபை மாதாமாதம் பில்லைத் தீர்க்கலாம்.

கடன் விஷயத்தில் நிதானம் வேண்டும். கந்துவட்டிக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டு வந்தால், ஆறு மாதத்தில் அதே வீடு மறுபடியும் வாங்கியிருக்கும், ஏனென்றால் வருமானம் மாறவில்லை. முதலில் எல்லாக் கடன் சீட்டையும் அடகுச் சீட்டையும் ஒரே இடத்தில் வையுங்கள். அடகு நகைக்கு எந்தத் தேதியில் கெடு, வட்டி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அடகு நகையை ஏலம் விடுவதற்கு முன் கடன் வாங்கியவருக்கு அறிவிப்பு வரவேண்டும். அறிவிப்பு வந்திருந்தால் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று நிறுவனத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அதற்குக் குறைந்த பணமே ஆகும். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் 2022ஆம் வருஷ விதிகள் இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது. இது தெரிந்த ஒருவர் வாசலில் நின்று பேசினாலே பாதி மிரட்டல் அடங்கும். தமிழ்நாட்டில் 2003ஆம் வருஷக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கேரளத்தில் லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம். எந்தப் பக்கத்துச் சட்டம் என்பது கடன் கொடுத்த இடத்தைப் பொறுத்தது, அதைக் கவனியுங்கள்.

சபையும் வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். யாத்திராகமம் 22:25 அதைத்தான் சொல்கிறது. 10,000 ரூபாய் வரை, மாதம் 1,000 வீதம் பத்துத் தவணை. இன்னொரு ஏழையை ஜாமீன் போடவைக்காதீர்கள். ஒருவர் விழுந்தால் இருவரும் விழுவார்கள். கட்ட முடியாமல் போனால் அறிவிப்பில் பெயர் சொல்லாமல் அதை உதவியாக மாற்றி எழுதிவிடுங்கள். அந்த இழப்புக்காகத்தான் கையிருப்பு.

ஆஸ்பத்திரிச் செலவில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பெரிய நோய் என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் ஆர்சிசி என்ற புற்றுநோய் மையத்துக்கும்தான் போகிறோம். காப்பீடு மட்டும் மாநிலத்தோடு நிற்கிறது: கேரள அட்டை இருந்தால் காருண்யா திட்டம், தமிழ்நாட்டு அட்டை இருந்தால் முதலமைச்சர் காப்பீடு. இரண்டிலும் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்று சொல்லப்பட்டாலும், இந்த அட்டை இந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்பதை அட்மிஷனுக்கு முன் காப்பீட்டு மேசையில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அட்மிட் ஆன பிறகு கேட்டால் தாமதம். கீமோதெரபிக்கு மாதம் இருமுறை போகிற வீட்டில் மருந்துக்குக் காப்பீடு கிடைத்தாலும் வண்டிக்கூலி, கூட இருப்பவரின் சாப்பாடு, வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன், வேலைக்குப் போகாத நாளின் கூலி எதற்கும் யாரும் பணம் தருவதில்லை. சபை நிதி அந்த இடத்தை நிரப்பட்டும். பில்லுக்குப் பத்தாயிரம் கொடுப்பதைவிட ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள் கையில் ஆயிரம் கொடுப்பது அதிகம் உதவும்.

எல்லை தாண்டிக் கட்டிக்கொடுத்த பெண் விதவையாகும்போது பென்ஷன் கிடைக்காமல் வருஷக்கணக்கில் அலைவதும் இங்கே சாதாரணம். ரேஷன் அட்டையில் பெயர் பழைய மாநிலத்திலேயே இருக்கும், ஆதாரில் முகவரி ஒன்று, வங்கிக் கணக்கு இன்னொரு இடத்தில். பழைய அட்டையில் பெயர் நீக்கிய சான்று வாங்காமல் புதிய அட்டையில் சேர்க்கமாட்டார்கள். கேரளத்தில் நலப் பென்ஷனுக்கு மஸ்டரிங் (பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் பதிவு) தவறினால் பணம் நின்றுபோகும். மலையாளமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த ஒருவரைச் சபை இதற்கென்று நியமித்து, கேரளத்தின் அட்சயா மையத்துக்கும் தமிழ்நாட்டின் இ-சேவை மையத்துக்கும் கூடப் போகச் செய்யுங்கள். ஆட்டோக் கூலியையும் மையத்துக் கட்டணத்தையும் நிதியிலிருந்து கொடுங்கள். ஒருமுறை செலவாகும் சில நூறு ரூபாய் அந்த வீட்டுக்கு ஆயுள் முழுவதும் மாத வருமானமாகத் திரும்பும். நிதியின் பாரமும் குறையும்.

சபைக்கு அங்கத்தினர் கட்ட வேண்டிய சந்தாவின் பாக்கி பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்யாண அறிவிப்புக்கும் கல்லறைக்கும் முன் பாக்கியைத் தீர்க்கச் சொல்லும் வழக்கம் சில சபைகளில் இன்னும் இருக்கிறது. பிணம் வீட்டில் கிடக்கும்போது ஒரு மகன் வட்டிக்கு வாங்கி ரசீது போடுகிறான். சந்தா வசூல் முறையே தவறு என்று சொல்லவில்லை. உதவிப் பட்டியலில் உள்ள வீடுகளின் பாக்கியை வருஷ முடிவில் ரத்து செய்யுங்கள். சாவு வீட்டில் எந்தப் பாக்கியையும் கேட்காதீர்கள், யார் வீடாக இருந்தாலும். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பேசலாம்.

கி.பி. 251ஆம் வருஷ வாக்கில் ரோமச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரித்ததாக அதன் ஆயர் கொர்னேலியு எழுதியிருக்கிறார். துன்புறுத்தலுக்கு நடுவில் இருந்த சபை அது. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாச் சபையின் பட்டியலில் 3,000 விதவைகளும் கன்னியரும் இருந்ததாக அங்கே போதகராயிருந்த கிறிசோஸ்தம் பிரசங்கித்தார். அந்தச் சபையின் வருமானம் பெரும் பணக்காரர் ஒருவருடைய அளவுகூட இல்லை, பணக்காரரில் கடைநிலையில் உள்ள ஒருவருடைய அளவுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். எட்டு வீடு நம்மால் முடியாத எண்ணிக்கை இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெயரை உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்: மணி அடித்து, தரை துடைத்து, கல்லறை வெட்டும் உங்கள் சொந்த ஆலயப் பணியாளர். அவருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஊரில் ஒரு நாள் கொத்தனார் கையாள் கூலியோடு அதை ஒப்பிடுங்கள். அறுத்தவர்களுடைய கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4இல் எழுதியிருப்பதை அவர் சுத்தம் செய்யும் ஆலயத்தில் வாசித்துக்கொண்டே அவரை ஏழைகள் நிதிக்கு விண்ணப்பிக்க வைக்காதீர்கள். அவர் சம்பளத்தை உயர்த்துவது பொதுக்கணக்கிலிருந்து வர வேண்டும். ஏலப் பணத்திலிருந்து வேண்டாம்.

பண்டிகைக்கு முந்தைய கமிட்டிக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் எடுக்கக் கேட்கிறோம்: ஏலத் தொகை முழுவதும் ஏழைகள் நிதிக்கு, தனிக் கணக்கும் மூவர் பொறுப்பும், ஆலயப் பணியாளரின் புதிய சம்பளம். மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பண்டிகைவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கர்த்தருடைய பணியில்,
எல்லையோரச் சபைகளில் ஏழைகள் நிதிக் கணக்கு பார்ப்பவர்கள்